இலவச இணைப்பு

"வாங்குனவரு நேர்ல வந்து கையெழுத்து போட்டாத்தான்க்கா கனெக்‌ஷனை வெட்ட முடியும்" என்று காசியம்மாளிடம் சொன்னாள் கடைப் பெண்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்தக் கடை. வாசலில் 'செல்போன் முற்றிலும் இலவசம்' என்ற பேனர் வெயிலில் வெளுத்துத் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் காசியம்மாளின் புருஷன் ராஜாங்கம் அன்று உள்ளே போனான். இரண்டு வருஷத்துக்கு இணைப்பை விடக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

மரக்காணம் பக்கத்தில் அவர்களுடைய குப்பத்துக்கு வந்த முதல் செல்போன் அது. "ஒரு பைசா குடுக்கல புள்ள" என்று காசியம்மாளிடம் காட்டிக் காட்டிச் சிரித்தான்.

அந்த வருஷம் முடியுமுன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கரை ஒதுங்கிய உடலைக் காசியம்மாள்தான் அடையாளம் காட்டினாள்.

பில் மட்டும் அவன் பேருக்கு வந்துகொண்டே இருந்தது.

"அவரு இல்லம்மா" என்றாள் காசியம்மாள்.

கடைப் பெண் தமிழ்ச்செல்வி, ஆள் வெளியூரில் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். "பரவால்லக்கா. வந்ததும் அனுப்பி வைங்க."

விளக்கிச் சொல்லக் காசியம்மாளுக்குத் தெம்பில்லை. செத்துப்போனான் என்ற வார்த்தையை அவள் இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தலையாட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் மணலில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது மடியிலிருந்த ராஜாங்கத்தின் போன் அடித்தது.

"அக்கா, செல் கடை தமிழ்ச்செல்வி பேசறேன். அண்ணன் வந்துட்டுப் போனாருக்கா."

"எந்த அண்ணன்?"

"உங்க வீட்டுக்காரருதான். தெப்பமா நனைஞ்சிக்கினு வந்தாரு. இங்க ஒரு சொட்டு மழை இல்ல. என்னண்ணேன்னு கேட்டா சிரிக்கிறாரு."

காசியம்மாளின் காலடியில் மணல் கொதித்தது. அவள் நகரவில்லை.

"வெட்டிடட்டுமான்னேன். வேணாம்னுட்டாரு. பில் போற விலாசத்த மட்டும் மாத்தச் சொன்னாரு. வர்ற மாசத்துலேர்ந்து ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் இருப்பீங்களாமே?"

போனைக் காதிலிருந்து எடுத்துவிட நினைத்தாள். கை வரவில்லை.

மறுமுனையில் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"எந்த எடம்னு கேட்டதுக்கு, அவளுக்குத் தெரியும்னாரு. சொல்லுங்கக்கா, எழுதிக்கறேன்."