முதல் பந்துக்கு முன்

ஜெனிட்டா அக்கா பந்தை மேலே போட்டாள். அடிக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

மறுபடி போட்டாள். மறுபடி பிடித்தாள்.

கம்பி வலைக்கு வெளியே நின்று இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டென்னிஸ் ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. உடம்பு சூடேறுவதற்காக இரண்டு பேரும் ஐந்து நிமிடம் அடித்துப் பார்த்துக்கொள்ளும் நேரம். அந்தப் பக்கம் ஒரு தாய்லாந்துப் பெண், காலையில் நன்றாகச் சாப்பிட்டவள், சந்தோஷமாக அடித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் வயிற்றில் எதுவும் இல்லை. விடியற்காலையிலிருந்து ஐந்து தடவை வாந்தி.

நேற்று சாயங்காலம் காந்திபுரத்தில் தள்ளுவண்டிக் காளான் இரண்டு தட்டு. வேண்டாங்க்கா என்று இவள் சொன்னாள். கேட்டால்தானே.

ஒரே அறை இருவருக்கும். எட்டு ஊர்களாக ஒரே அறை, இரட்டையர் ஆட்டத்தில் ஒரே ஜோடி. விடிய விடியத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றது இவள்தான். உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்ததும் இவள்தான்.

யாரிடமும் சொல்லாதே என்றாள் அக்கா. போன வருடம் இதே வாரம் எடுத்த தரவரிசைப் புள்ளிகள் திங்கட்கிழமையோடு போய்விடும். ஆடாமல் எப்படி இருப்பாள்.

இவள் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அக்காவை ஆடவிட்டிருக்க மாட்டார்கள். அந்த இடம் இவளுக்கு வந்திருக்கும்.

ஏனென்றால் இவள் நேற்று தோற்றவள். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில். மூன்றாவது ஊராக அதே ஆட்டத்தில். தோற்றவர்கள் பெயரைச் சீட்டுக் குலுக்கியதில் முதல் சீட்டு இவளுக்கு விழுந்தது. முதன்மைச் சுற்றுக்குள் இருக்கிற யாராவது விலகினால் இவள் ஆடலாம். லக்கி லூசர் என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவனுக்கு நல்ல வாய்.

ஒரே ஒரு நிபந்தனை. விலகுகிறவர் முதல் பந்து அடிக்கப்படும் முன் விலகவேண்டும். அடித்த பிறகு என்றால் எதிராளிக்கு வெற்றி. இவளுக்கு ஒன்றுமில்லை.

உள்ளே போய் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும். உலகத் தரவரிசையில் எங்கோ ஆயிரத்துச் சொச்சத்தில் இவள் பெயர் வரும். வராவிட்டால் ஜூன் மாதம் பி.காம். அப்பா விண்ணப்பமே வாங்கிவிட்டார்.

விழுந்துவிடு என்று இவள் நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை.

முடியாதென்று சொல்லிவிட்டு வந்துவிடு அக்கா என்றுதான் நினைத்தாள்.

"இரண்டு நிமிடம்" என்றார் நாற்காலியில் இருந்த நடுவர்.

அக்கா மூன்றாவது தடவையாகப் பந்தை மேலே போட்டாள்.

பந்து கீழே வந்தது. அக்காவும் வந்தாள்.

மட்டை தரையில் மோதிய சத்தம் தனியாகக் கேட்டது. தாய்லாந்துக்காரி வலையைத் தாண்டிக் குதித்தாள். நடுவர் இறங்கி ஓடினார். இவளும் ஓடினாள்.

வாழ்க்கையில் இவள் இப்படி ஓடியதில்லை. பை முதுகில் இடித்தது. அக்கா, அக்கா என்று வாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டி எதிரில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

கையில் ஏதோ தட்டுப்பட்டு நின்றாள்.

மேஜை.

பந்தல். மின்விசிறி. எதிரில் தலைமை நடுவர் கோகிலவாணி மேடம்.

அக்கா விழுந்து கிடந்த கோர்ட் இவளுக்குப் பின்னால், தூரத்தில் இருந்தது.

மேடம் எழுந்து வந்து இவள் தோளில் கை வைத்தார்.

"டாக்டருக்குச் சொல்லியாச்சு கண்ணு. அழுவாத. நீ எதுக்கு இங்க ஓடி வந்த? போயி அவகூட இரு, போ."

இவள் தலையாட்டினாள். போகத்தான் போகிறாள். திரும்பக்கூடச் செய்தாள்.

"மேட்ச் இன்னும் ஆரம்பிக்கலீங்களே மேடம்?"

யார் கேட்டது என்று இவளே ஒரு நொடி பார்த்தாள். பந்தலில் வேறு யாரும் இல்லை.

சே, என்ன கேட்டுவிட்டோம். திருப்பி எடுத்துக்கொள்ள முடியாத ஒன்று வெளியே வந்துவிட்டது. இல்லை மேடம், நான் அதற்கு வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

மேடம் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மேஜைமேல் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. ஜெனிட்டாவால் ஆட முடியாது, டாக்டர் சொல்லிவிட்டார். மேடம் கேட்டுக்கொண்டார். ஒரு தாளை எடுத்து இவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஆரம்பிக்கல. கையெழுத்துப் போடு. அஞ்சு நிமிஷத்துல கோர்ட்ல இருக்கணும்."

முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இவள் போட்டாள். கை நடுங்கும் என்று எதிர்பார்த்தாள். நடுங்கவில்லை. அதுதான் இவளைத் தூக்கிவாரிப் போட்டது.

கோர்ட் வாசலில் ஸ்ட்ரெச்சர் எதிரே வந்தது. அக்கா கண்ணைத் திறந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. இவளைக் கண்டதும் கையை நீட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, வந்துட்டியா. உன்னத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

தூக்கி வந்தவர்கள் நின்றார்கள்.

இவள் முதுகுப் பையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

உள்ளேயிருந்து நடுவர் இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அக்காவின் பிடி தளரவில்லை.

இவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.