அகராதி பிடித்தவள்

வெயில் சரிந்து, பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் விழுந்தது.

பெண் எழுந்து சன்னல் பக்கம் கை நீட்டினாள். "கண்ணு கூசுதுங்களாம்மா? அந்த... அதை... இழுத்து விடறேன்."

திரைச்சீலை என்ற சொல் வரவில்லை.

எதிர் நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவுக்கு அது தெரிந்தது. வந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தன் கணவர் பக்கம் குனிந்து, இந்தக் காலத்தில் அதிர்ந்து பேசாத பெண்ணைப் பார்ப்பதே அபூர்வம் என்றாள்.

அப்பாவைத் தெருவில் 'தராசு' என்பார்கள். முப்பத்தொரு வருடம் கடை கடையாக ஏறி இறங்கி, எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்திய ஆய்வாளர். பத்து கிராம் குறைந்ததற்குச் சொந்த மைத்துனன் கடையையே பூட்டியவர். அதற்குப் பிறகு மைத்துனன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஏறாவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

மகளுக்கு வீட்டில் 'அகராதி' என்று பெயர். பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறவள். எந்தச் சொல்லுக்கும் கைவசம் இன்னொரு சொல் வைத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் அவளை அகராதி என்றுதான் சொன்னார்கள். அவர்கள் சொன்ன அர்த்தம் வேறு.

அப்பா எழுதிய மனு ஒன்றில் ஒற்றுப்பிழைகளுக்கு வட்டம் போட்டு, எடை குறைகிறது, முத்திரை குத்த முடியாது சார் என்று திருப்பிக் கொடுத்தவள் அவள். சாப்பாட்டு மேசையில் அவளிடம் அவர் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

அவளுக்கு வயது முப்பத்து மூன்று. முதலில் வந்து பார்த்த இரண்டு குடும்பங்களும், பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள் என்று சொல்லியனுப்பின. மூன்றாவது வீட்டுப் பெரியவர் இதே சோபாவில் சாய்ந்துகொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் கட்டிலை மாற்ற வேண்டும் போலிருக்கிறதே என்றார். கட்டில் கிடக்கட்டும், வாசல் அகலமாகத்தான் இருக்கிறது, தாராளமாகக் கிளம்பலாம் என்றாள் அவள்.

சொல்லிவிட்டு அவள் மறந்துவிட்டாள். தராசு மறக்கவில்லை. தன் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தன் வீட்டுப் பெண்ணை ஒருவன் நிறுத்துப் பார்த்துவிட்டுப் போனான். அது அவருக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

மருந்துக்கடைக்காரர் பழைய சிநேகிதர். வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்று உண்டு, அது பசியைக் கட்டும், எடை குறைக்கவும் சிலர் அதை வாங்குகிறார்கள் என்றார். டாக்டரைப் பார்க்காமல் எடுக்கவே கூடாது என்றார். சிலருக்கு விரல் மரத்துப்போகும், சிலருக்குப் பேசும்போது வார்த்தை சிக்காது என்றும் சொன்னார்.

பசி என்பது வரைக்கும்தான் தராசு காதில் வாங்கிக்கொண்டார்.

நான்கு மாதத்தில் மகளுக்கு ஒன்பது கிலோ இறங்கியது.

உப்புதான் முதலில் போயிற்று. சாப்பிடும்போது, அந்த வெள்ளையாக இருக்குமே என்று கையை நீட்டினாள். அப்புறம் சாவி. அப்புறம் எதிர்வீட்டுக் குழந்தையின் பெயர்.

ஒருநாள் அவர் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிப் பார்த்தார். அவள் திருத்தவில்லை. தட்டில் இருந்ததை அளைந்துகொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். பேச்சுக்கு ஆளில்லாத மேசையில் அவர் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

அவளுடைய அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உப்பு, சாவி, சீப்பு, திரைச்சீலை என்று முப்பது சொற்களுக்குமேல், பள்ளிப் பிள்ளை மாதிரி வரிசையாக எழுதியிருந்தாள். ஆபீஸ் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது. கல்யாணம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டால் சொல் தானாக வீடு திரும்பிவிடும்.

இப்போது மாப்பிள்ளையின் அப்பா, தங்களுக்குப் பூரண திருப்தி, மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பேசிவிடலாம் என்றார். தராசுக்கு முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

அவள் மட்டும் சன்னலோரம் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேங்க. மறைச்சுட்டோம்னு பின்னால பேச்சு வரக் கூடாது. எங்கம்மா கடைசி மூணு வருஷம் ஒவ்வொரு வார்த்தையா மறந்து, பசியில்லாம, உடம்பு இளைச்சுதான் போனாங்க. எனக்கும் அது ஆரம்பிச்சிருச்சு. நாலு மாசமா தெரியுது. அப்பாவுக்குத் தெரியாது."

ஓரிடத்திலும் தட்டாமல் சொன்னாள். எத்தனை நாள் தனியாகச் சொல்லிப் பார்த்தாளோ.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வயதில் அதெல்லாம் வராது, நீயாக எதையாவது நினைத்துக்கொண்டு பயப்படாதே என்றாள். ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடுகிறாயா, அதனால்கூட இருக்கலாம் என்று கேட்டாள்.

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்லைங்கம்மா. காலையில ஒரு சத்து மாத்திரை மட்டும். அதுவும் அப்பாவே பாட்டில்லேர்ந்து எடுத்துக் கையில கொடுப்பாரு."

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். மகளும் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. அப்பா மனம் உடைந்துவிடுவாரோ என்றுதான் அவள் பார்க்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது.

தராசு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார். "சத்து மாத்திரைதான்."