சமதளம்

கால்வாய்க் கரைகளை ஒட்டி ஐந்து நாள் நடக்கும் பாதை அது. மேடு பள்ளமே கிடையாது, நோயாளிகூட நடக்கலாம் என்று எங்கோ படித்துத்தான் வத்சலா அதைத் தேர்ந்தெடுத்தாள். நடுக்குவாதம் கணவர் தணிகாசலத்தை முழுதாக முடக்குவதற்குள் இருவரும் சேர்ந்து ஒருமுறை நடந்துவிட வேண்டும். வரைபடத்தை மேசையில் விரித்து, தங்கும் இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள்.

"என்னங்க, வந்து பாருங்க."

மாடியிலிருந்து பதினெட்டுப் படிகளையும் அவர் கைப்பிடியைத் தொடாமல் விறுவிறுவென இறங்கிவந்தார். தரைக்கு வந்ததும் பாதங்கள் ஒட்டிக்கொண்டன. உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்தது. மருத்துவர் சொன்னபடி கூடத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக வெள்ளை நாடா ஒட்டியிருந்தார்கள். படியோ கோடோ, தாண்ட ஒன்று இருந்தால்தான் கால் எழும். ஒவ்வொன்றாகத் தாண்டி மேசைக்கு வந்தார்.

"எவ்வளவு தூரம்?"

"நாப்பது கிலோமீட்டர்தான். பூராவும் சமதளம்ங்க."

அவர் சிரித்துவிட்டார். "அடிப்பாவி! மலையேறக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனேடி."

வத்சலாவின் பேனா நின்றது. தினமும் கண்ணெதிரே பார்ப்பதுதான். ஆனாலும் 'சமதளம்' என்று படித்தபோது, சுலபம் என்றுதான் அவளுக்குப் பட்டது. கால்வாயைக் காட்டும் நீலக்கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள். வெகுதூரம் போய் விரல் நின்றது.

"மூணாம் நாள் ஒரு பாலம் வருது. அதுக்குப் படி இருக்குமுங்க."

தணிகாசலம் குனிந்து அந்த இடத்தை உற்றுப் பார்த்தார்.

"இருக்கட்டும். அங்க வரைக்கும்?"