மொட்டைக்கு வந்த போன்

“ஏம்மா பானு, காலையிலேருந்து போன் வந்துகினே இருக்குது. எல்லாரும் மொட்டை போடணும்னு கேக்குறாங்க. நம்ம சரக்கை ஒருத்தரும் கேக்கல!” கௌதமன் எரிந்து விழுந்தார்.

மலைக்கோயில் அடிவாரத்தில் இருந்த அவர் கடைக்கு இணையப் பக்கம் எழுதிக் கொடுத்தவள் பானுப்ரியா. “நான் ‘முடி’ன்னுதான் எழுதினேண்ணா. முடி எடுக்க, முடி இறக்க, மொட்டைன்னு யார் எப்படித் தேடினாலும் நெட்டு ஒண்ணாவே எடுத்துக்குது. மாத்திடட்டுமா?”

“முதல்ல மாத்து!”

மறுபடியும் போன். ஒரு பெண்ணின் குரல். “வேண்டுதலுங்க, மலையில மொட்டை போடணும். அடுத்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தம் வேற...”

கௌதமன் பானுவைக் கையமர்த்தினார். அவர் குரல் சட்டென்று குழைந்தது.

“மொட்டை மேல கோயில்லயே போடுவாங்கம்மா. கீழ இறங்கினதும் நேரா நம்ம கடைக்கு வாங்க. இடுப்பு வரைக்கும் தொங்குற விக்கே இருக்குது!”