நாலாம் தொட்டித் தண்ணீர்

அபிதா சுவிட்சைப் போட்டாள்.

போட்டதற்கு ஓர் அடையாளமும் இல்லை. நுண்ணோக்கிக்குக் கீழே தபால்தலை அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு. அதன்மேல் சீப்புப் பற்கள் மாதிரி பொன் கோடுகள். கோடுகளின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். இவ்வளவுக்குத்தான் அந்த அறையில் மூன்று பேர் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"அஞ்சு நிமிசம் ஆவும் சார்," என்றாள் அபிதா.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து இந்தச் சோதனைக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள். கோடுகளில் மின்சாரம் ஏறினால், தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் அலைகிற வைரஸெல்லாம் கோட்டோரத்துக்கு இழுபட்டு வந்துவிடும். அந்த வைரஸில் மட்டும் ஒட்டுகிற பச்சைச் சாயத்தை முன்பே கலந்தாயிற்று. மடிக்கணினித் திரையில் கோட்டோரம் பச்சையானால் தண்ணீரில் இறாலைக் கொல்லும் வெண்புள்ளி நோய் இருக்கிறது. கறுப்பாகவே கிடந்தால் தப்பித்தார்கள்.

இராஜாக்கமங்கலம் கடற்கரையில் உள்ள அந்த இறால் குஞ்சுப் பண்ணையில் அன்று காலை நாலாம் தொட்டிக் குஞ்சுகள் சோர்ந்து கிடந்தன. இரண்டு லட்சம் குஞ்சுகள். நோய் என்றால் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி அத்தனையையும் அழிக்க வேண்டும். அது முடிந்ததும் மேலாளர் முருகதாஸ் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற தொட்டிக்காரியை விசாரிப்பார்.

தொட்டிக்காரி செசிலி.

விசாரணை எதில் போய் முடியும் என்று செசிலிக்குத் தெரியும். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் சமைக்காத இறாலைக் கையால் தொடக்கூடாது; கடல் இறாலின் நோய் கையோடு தொட்டிக்கு வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்ன சட்டம் அது. கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு சட்டம். அதையும் ஏழு மாதம் காப்பாற்றினாள். புருஷன் கொண்டுவருகிற இறாலைப் பக்கத்து வீட்டுக்காரிதான் உரித்துத் தருவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கோவிலில் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வீடு நிறைய விருந்தாட்கள். பக்கத்து வீட்டுக்காரி இன்னும் கோவிலிலிருந்து திரும்பவில்லை. இரண்டு கிலோ இறாலையும் செசிலியே உட்கார்ந்து உரித்தாள்.

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் மறுநாள் அந்தக் கையைத் தொட்டியில் விட்டாள். மூன்று தடவை கழுவியதை வைரஸிடம் யார் போய்ச் சொல்வது.

ஒரு தொட்டியில் அதன் தொட்டிக்காரி தவிர வேறு யாரும் கை விடக்கூடாது என்பது இன்னொரு சட்டம். அதனால் அபிதா கொடுத்த புதுக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மூடியில் நாலு என்று எழுதிக் கொடுத்ததும் செசிலிதான்.

இத்தனைக்கும் அவள் முகத்தில் பயத்தைக் காணோம். சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவள் போல நின்றாள்.

முருகதாஸுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. திரையைப் பார்ப்பார், ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்ப்பார். அங்கே ஆறாம் தொட்டிக் குஞ்சுகளை ஆக்சிஜன் பைகளில் கட்டித் தங்கையனின் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கையன் இரண்டு வருஷமாக வெண்புள்ளி நோயில் தன் குளத்து இறாலையெல்லாம் பறிகொடுத்தவர். இந்தத் தடவையும் போனால் குளத்தை மண் போட்டு மூடிவிட வேண்டியதுதான் என்று காலையிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாம் தொட்டிதான் பண்ணையிலேயே துள்ளலான தொட்டி. அதைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நிமிஷம் ஆயிற்று. திரை கறுப்பாகவே இருந்தது.

இரண்டாவது நிமிஷமும் அப்படியே போயிற்று. முருகதாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது நிமிஷத்தில் இடப்பக்கக் கோட்டின் நுனியில் ஒரு பச்சைப் பொட்டு வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. கோட்டோரமெல்லாம் பச்சை.

அபிதா சுவிட்சை அணைத்தாள். பச்சை கலைந்து தண்ணீரோடு பரவியது. மறுபடி போட்டாள். அத்தனையும் அதே கோடுகளுக்குத் திரும்பி வந்தன.

"நோய் நல்லாவே இருக்கு சார்," என்றாள் அவள் மெதுவாக.

செசிலியின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. அதுவரை இல்லாத பயத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பி, முற்றத்து வண்டியைப் பார்த்தாள்.

முருகதாஸ் ஜன்னலில் தலையை நீட்டினார். "நாலுல பிளீச்சிங் போடுங்க. தங்கையா, நீரு வண்டிய எடும். ஆறு நல்ல குஞ்சாக்கும்."

முற்றத்தில் வண்டி உறுமியது.

வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். ஞாயிற்றுக்கிழமை இறால் உரித்ததைப் பண்ணையில் யாரும் பார்க்கவில்லை. கேட்டால் மாதாவே சாட்சி என்று சாதித்துவிடலாம். முருகதாஸ் நம்பவும் செய்வார். நாளைக்கும் இதே தொட்டிக்கு வேலைக்கு வரலாம்.

வண்டி பின்னால் நகர்ந்து வாசல் பக்கம் திரும்பியது. வண்டிக் கண்ணாடி வழியாகத் தங்கையன் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

செசிலி ஓடினாள். வெறுங்காலோடு முற்றத்து மணலில் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டாள்.

"வண்டிய எடுக்காண்டாம் அண்ணே."

முருகதாஸ் அறை வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள்.

"சாரே, நாலுல எடுக்கப் பயந்து நான் ஆறாம் தொட்டியில கோருன வெள்ளமாக்கும் அந்தக் குப்பியில இருந்தது."