ஐந்து வரி போதும்

"அப்பா, இவ்ளோ நீளமா எழுதினா எவன் படிப்பான்?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டாள் மகள். அவள் கையில் அப்பாவின் செல்போன்.

அப்பா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "நீ எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துப் போட்டு விடும்மா. படிக்கிறவங்க படிக்கட்டும்."

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சில மாதங்களாக 'நிம்மதி நண்பர்கள்' என்று ஏதோ ஓர் இணையக் குழுவில் சேர்ந்து, சாயங்காலமானால் ஒரு பதிவு எழுதிவிடுகிறார். பதிவா அது? மணல் வடிகட்டியைக் கழுவுவது எப்படி என்று ஒரு முடியாத புராணம்.

'முதலில் மேல் வால்வை மூட வேண்டும். மெதுவாக மூட வேண்டும். அவசரப்பட்டால் குழாய் அதிரும். மூடிய பிறகு தண்ணீர் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அடங்கும். மணல் மேல் ஓர் அசைவும் இருக்காது. அதற்கப்புறம்...'

அவளுக்குக் கொட்டாவி வந்தது. விரலால் தள்ளத் தள்ள, தண்ணீர் இன்னும் அடங்கிக்கொண்டேயிருந்தது.

அவளுடைய பிழைப்பே நீளத்தை வெட்டுவதுதான். குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுகிறாள். பதில் நாலு வரியைத் தாண்டினால் மேலாளர் கூப்பிட்டு விடுவார். நாள் முழுக்க யார் யாரோ திட்டுவதைப் படித்து, நாலு வரியில் மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு வரும்போது கண் இரண்டும் மிளகாய் வைத்ததுபோல எரியும். வந்தால் அப்பாவின் வால்வு.

வழக்கமாகப் பாதி படித்ததும் அலுத்துப்போய், மீதியைப் பார்க்காமலே போட்டுவிடுவாள். இன்றைக்கு என்னவோ, நேற்றைய பதிவின் அடியில் மற்றவர்கள் எழுதியிருந்ததையும் படித்துத் தொலைத்தாள்.

'ஐயா, மூணாவது பத்தியைத் தாண்ட முடியல.'

'நான் பாதியிலேயே விழுந்துட்டேன் சாமி!'

'இதுவரைக்கும் கீழ் வால்வைக் கண்ணால பார்த்தவங்க யாராவது உண்டா?'

ஒவ்வொன்றின் பக்கத்திலும் கும்பிடு போடும் கைகள் வேறு. அவளுக்குச் சுருக்கென்றது.

"என்னப்பா இது? உங்களை வச்சுக் காமெடி பண்ணிட்டிருக்காங்க."

"அவங்க சந்தோஷமாத்தான் சொல்றாங்க."

"கிண்டல் பண்றாங்கப்பா! அதுகூடவா புரியல?"

அப்பா கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "அதை விடு. இன்னைக்கு எழுதினதை நீ படிச்சியா?"

"எனக்கு எங்கப்பா தெம்பு இருக்கு?"

"கொஞ்சமாவது படி. முடியலைன்னா பாதியில வச்சிடு, ஒண்ணும் தப்பில்ல." சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். தலையணையில் தலை பட்டதும் குறட்டை கேட்டது.

அவள் செல்போனை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வருஷம் ஊருக்கே தண்ணீர் கொடுத்த மனிதர். முகம் தெரியாத நாலு பேருக்கு வேடிக்கைப் பொருளாகிவிட்டார். அதைப் புரிந்துகொள்ளக்கூட அவருக்குத் தெரியவில்லை.

முதல்முறையாக அந்தப் பதிவில் கைவைத்தாள். வெட்டினாள். அலுவலகத்தில் வெட்டுவதுபோலவே ஈவு இரக்கமில்லாமல் வெட்டினாள்.

'மணல் வடிகட்டியைக் கழுவ:
மேல் வால்வை மூடவும்.
கீழ் வால்வைத் திறக்கவும்.
கலங்கல் போய்த் தெளிந்ததும் பழையபடி மாற்றவும்.
நன்றி.'

ஐந்தே வரி. குழுவில் போட்டாள். இனி எவனும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

காலையில் தலை பாறையாய்க் கனத்தது. டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது அப்பாவின் செல்போன் விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. அப்பா பால் வாங்கப் போயிருந்தார். எடுத்துப் பார்த்தாள்.

'ஐயாவுக்கு என்ன ஆச்சு?'

'மீதி எங்கே?'

'இப்படிக் கழுத்தறுத்துட்டீங்களே!'

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அழைப்பே வந்துவிட்டது. கரகரத்த, களைத்த ஒரு பெண் குரல்.

"ஐயா இருக்காங்களா? நான் குழுவை நடத்துறவ பேசுறேன்."

"வெளியில போயிருக்கார். நான் அவர் பொண்ணு. நேத்து பதிவைச் சுருக்கினது நான்தாங்க. உங்க ஆளுங்க அவரைக் கிண்டல் பண்றது எனக்குப் பொறுக்கல. நீளமா எழுதுறார்னா நேரா சொல்லலாமே?"



"கிண்டலா? கண்ணு, எங்க குழுவுல இருக்கிறது பூரா தூக்கம் வராத ஜனங்க. மாத்திரைக்கும் மசியாத கண்ணு எங்களுக்கு. உங்கப்பா அந்த மேல் வால்வை மூடி முடிக்கிறதுக்குள்ள எல்லாருக்கும் சொக்கிடும். நேத்து நீ அஞ்சு வரியில முடிச்சிட்டே. லாரி ஓட்டுறவர்லேருந்து என் வரைக்கும் ஒரு ஆள் கண்ணை மூடல."

அவள் அடுப்பை அணைத்தாள். "ஆனா... எங்கப்பா படுத்த உடனே தூங்கிடுவாரே? அவருக்கு எதுக்கு இந்தக் குழு?"

"அவருக்கு இல்லம்மா. 'என் பொண்ணு ராவெல்லாம் முழிச்சுக் கிடக்கா, கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா'ன்னு சொல்லிக்கிட்டுத்தான் எங்ககிட்ட வந்தார். எழுதினதும் முதல்ல உன் கையிலதான் கொடுக்கிறதாச் சொன்னாரே... நேத்து நீயாவது தூங்கினியா?"