சம்மட்டி ஆள்

"புள்ளைங்கள உலைகிட்ட விடாதீங்க, டீச்சர்," என்றான் பட்டறைக்காரன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கூடப் பிறந்த தம்பி. அவன் வாயில் அக்கா டீச்சராகிவிட்டாள்.

அப்பா இறந்த வீட்டில், பட்டறையை என்ன செய்வது என்ற பேச்சில் அவளும் வாய் திறந்தாள். "இரும்படிக்கிற எடத்துல ஈக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் இந்தப் படி ஏறவில்லை.

குழந்தைகளுக்கு இரும்பு வேலை காட்ட வேண்டும் என்றதும், வேறு பட்டறைகள் இருந்தும் இங்கேதான் சொல்லி அனுப்பினாள். ஒரு வார்த்தை பேச மாட்டானா என்ற நப்பாசை.

"உங்க வீட்டுல இரும்புல என்னல்லாம் இருக்கு?" என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

கதவுக் கீல், கத்தி, கிணற்று வாளி என்று கத்தினார்கள்.

"எங்கம்மா கை!" என்றது ஒரு வாண்டு.

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, உலையிலிருந்து தடித்த கம்பியைக் குறடால் இழுத்து அடைகல்லின் மேல் வைத்தான். பள்ளி ஊஞ்சலுக்குக் கொக்கி. நுனி செக்கச் சிவந்திருந்தது.

"சம்மட்டி அடிக்கிற ஆள் இன்னைக்கு வரல. ஒத்த ஆளா இத வளைக்க முடியாது," என்று அடைகல்லிடம் சொல்வதுபோல் சொன்னான்.

பிள்ளைகளின் முகம் தொங்கிப்போயிற்று.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினாள்.

அவனுடைய சின்னச் சுத்தியல் கம்பியில் ஓரிடத்தைத் தொட்டது. அதே இடத்தில் அவளுடைய சம்மட்டி இறங்கியது.

டிங். டம். டிங். டம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மாலைகளில், அப்பாவின் சுத்தியலுக்கு இருவரும் மாறி மாறி அடித்த தாளம். சுத்தியல் இடம் காட்டும், சம்மட்டி கேட்கும். வாய்க்கு அங்கே வேலையில்லை.

ஆண்டவன் கைகளுக்கு மட்டும் வன்மம் வைக்கக் கற்றுத்தரவில்லை.

கம்பி வளைந்து கொக்கியாயிற்று. சுத்தியல் அடைகல்லின் ஓரத்தில் ஒருமுறை தட்டியது. நிறுத்து என்று பொருள். நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.

"போதும்க்கா. கை காச்சுப் போயிடும்," என்றான்.

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், கரி மூட்டை அடுக்கிய பின்னறையிலிருந்து பெரிய தும்மல் ஒன்று கிளம்பியது.

"முதலாளி, அக்கா அடிச்சு முடிச்சிட்டாங்களா? நான் வெளிய வரலாமா?"